கரை வெட்டிய படம்

இரவு ஒன்றரை மணி. கல்ஃபில், கராமா ஏரியாவில் பழைய ஃப்ளாட்டுகளுக்குப் பின்னால் போகும் ஒரு சந்து. பூனைகூட இல்லை... இன்னும் நெருங்கி உட்காருங்கள். இது நம்ம ரெனீஷின் மச்சான் பெனிட்டோவுக்கு நடந்தது. கடியப்பட்டணத்துக்காரன், கடலில் வளர்ந்தவன், லேசில் பயப்படுகிற ஆள் இல்லை.

படத்துக்கு ஃப்ரேம் போடும் கடையில் அவனுக்கு வேலை. ஒரு ஹோட்டலிலிருந்து பன்னிரண்டு கல்லச்சுப் படங்கள் வந்திருந்தன. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கல்லில் வரைந்து அச்செடுத்தவை. ஏதோ ஒரு தீவின் கலங்கரை விளக்கம், அருவி, துறைமுகம். பதினொன்று ஃப்ரேமில் சரியாக உட்கார்ந்தன. கடைசிப் படம் இரண்டு விரல் நீளம் கூடுதல். அந்தத் தொழிலில் ஃப்ரேமை எத்தனை தடவை வேண்டுமானாலும் வெட்டலாம், படத்தில் கத்தி படக்கூடாது. பெனிட்டோவுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. ஸ்கேலை வைத்து அடியில் ஒரே இழுப்பு. சர்ர்ர்... துண்டு குப்பையோடு போயே போய்விட்டது.

ஃப்ரேமுக்குக் கண்ணாடி போட்ட பிறகுதான் கவனித்தான். ஒரு வள்ளம், அதில் ஆறு பேர், துடுப்புப் போட்டு வருகிறார்கள். அவன் வெட்டி எறிந்தது அவர்கள் வந்து இறங்க வேண்டிய கரை.

ஹோட்டல்காரர் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். யார் வேலை என்று முதலாளி கேட்டார். பெனிட்டோ அந்தப் படத்துக்கு முன்னாலேயே நின்று, கூட வேலை பார்த்த ராஜிக்கின் பெயரைச் சொன்னான். ராஜிக் கல்பிட்டிக்காரன். இரண்டு பேருக்கும் ஒரே ரூம். அவன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை, பெனிட்டோவின் முகத்தை ஒரு தடவை பார்த்தான். மூன்றாம் நாள் விசா கேன்சல். அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, பெனிட்டோ பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு உள்ளேயே நின்றான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்று ராஜிக்கின் வேலையும் இவன் தலையில். முடித்துவிட்டு அந்தச் சந்தில் வருகிறான். பின்னால் ஈரக்கால் சத்தம்... சளக்... சளக்... ஒருவர் கால் இல்லை, பலர் கால். நனைந்த கயிற்றின் வாடை. திரும்பிப் பார்க்காமல் ரூமுக்கு ஓடி, போர்வைக்குள் புகுந்துகொண்டான். கதவு திறக்கவில்லை... சத்தம் மட்டும் உள்ளே வந்தது. அவன் கட்டில் அருகே நின்றது. வெட்டியது நான்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சத்தம் அவனைத் தாண்டிப் போனது.

விடிந்தபோது அவன் கட்டில் காய்ந்து கிடந்தது. ராஜிக்கின் காலிக் கட்டில் தொப்பலாக நனைந்திருந்தது, தலைமாட்டில் மணல். கடைக்குப் போய்ப் படத்தைப் பார்த்தான். வள்ளத்தில் ஆளே இல்லை.

முதலாளியிடம் இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒரு வாரம் போனது. எட்டாம் நாள் கல்பிட்டியிலிருந்து ராஜிக்கின் போன். குரலில் கோபமே இல்லை.

"அண்ணன், ஒவ்வொரு ராவும் ஆறு பேர் வந்து வாசல்ல நிக்கிறாங்க. உடுப்பெல்லாம் ஈரம். கரை எங்கெண்டு கேக்கிறாங்க."

பிறகு ராஜிக் குரலைத் தாழ்த்தினான்.

"வெட்டினது நீங்கதானெண்டு நான் இன்னும் சொல்லல்ல."