மறுபூஜை போடாத மேசை

…இந்த இடத்தில் பேச்சைக் கொஞ்சம் நிறுத்துகிறேன், தாய்மார்களே. இந்தக் கல்லூரி நூலகத்தில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். சின்னதுதான். சாட்சி இல்லாமல் நான் எதுவும் சொல்கிறவள் இல்லை. அதனால் போன ஐப்பசி எட்டாம் தேதி காலை பத்தே முக்கால் மணிக்கு அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நூலகர் எஸ்தர் மிஸ். உதவியாளர் மைதீன் அண்ணன். கணினி முன்னால் தையல் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர். நம்மோடு செவ்வாய்க்கிழமை விளக்கு பூஜைக்கு வருகிற உலகம்மாள். அப்புறம் நான். ஆக மொத்தம் ஆறு பேர்.

அப்போதுதான் இந்தச் சமுதாயக் கல்லூரி நம் போன்ற வீட்டுப் பெண்களுக்கு வாசகர் அட்டை கொடுத்திருந்தது. அங்கே படிக்காதவர்களும் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஆனால் முதல் இரண்டு வாரம் சோதனை. வாசல் பக்கத்து மேசையில் நமக்கென்று நாற்பது புத்தகம் காட்சிக்கு வைப்பார்கள். அதை யாரும் எடுக்கவில்லை என்றால் அட்டை ரத்து.

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் மேசை தயார். எஸ்தர் மிஸ் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் நம் மனசு குளிரட்டும் என்று என்ன செய்தார் தெரியுமா? வெள்ளை வேட்டி விரித்தார். நாற்பது புத்தகத்துக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். மேலே கதம்பம் சாத்தினார். மைதீன் அண்ணன் தினமும் வாடின பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ வைத்தார். பூஜை முடிந்தது... விஜயதசமியும் முடிந்தது... அந்த மேசை மட்டும் பூவும் பொட்டுமாக அப்படியே இருந்தது.

நாம் என்ன செய்தோம்? போனோம். செருப்பைக் கழற்றினோம். கும்பிட்டோம். வந்துவிட்டோம். நான் தொட்டேனா? இல்லை. நீங்கள் தொட்டீர்களா? பத்து நாளில் முப்பத்தாறு பேர் போயிருக்கிறோம், ஒரு புத்தகம் நகரவில்லை.

உலகம்மாள் எட்டாம் வகுப்போடு நின்றவள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத உட்கார்ந்திருந்தாள். கணக்குதான் அவளுக்கு எமன். அந்த மேசையில் கணக்கு மாதிரி வினாத்தாள் புத்தகம் ஒன்று இருந்தது. பத்து நாளும் வந்து அதன் மேலட்டையைப் பார்த்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கு எஸ்தர் மிஸ் கல்லூரி முதல்வருக்குக் கடிதம் அடித்துக்கொண்டிருக்கிறார். 'அட்டை தேவைப்படவில்லை, மேசையை எடுத்துவிடலாம்' என்று.

மைதீன் அண்ணன் சொல்கிறார்: "நான் அப்பவே சொன்னேன்லா மிஸ். இவங்க கும்பிட வாராங்க. படிக்க வரல."

மிஸ் உலகம்மாளைப் பார்த்து, வருத்தமாகத்தான், "அடுத்த வாரம் இந்த மேசை இருக்காதும்மா. யாருக்கும் ஆர்வம் இல்ல" என்றார்.

உலகம்மாளுக்கு முகம் செத்துப்போனது. புடவைத் தலைப்பைப் பிசைந்துகொண்டு கேட்டாள்: "அப்பம்... மறுபூஜை எப்பம் போடுவீக மிஸ்?"

"மறுபூஜையா? அப்படின்னா?"

"பூஜையில வச்ச புஸ்தகத்த மறுபூஜை போடாம எப்படி மிஸ் எடுக்க? நீங்க என்னடான்னா தெனமும் புதுப் பூ வைக்கீக. சரி, மிஸ் நல்ல நாள் பாக்காங்க போலன்னு நாங்களும் காத்துக் கெடக்கோம்."

எஸ்தர் மிஸ் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். "ஐயோ அம்மா... நான் மரியாதைக்குத்தானே வச்சேன்."

"நாங்களும் மரியாதைக்குத்தான் மிஸ் தொடல."

தையல் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். மைதீன் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்ப இத்தன நாளும் பூவ வச்சுப் பூட்டினது நான்தானா?"

மிஸ் எழுந்தார். "இப்ப என்ன செய்யணும், சொல்லுங்க."

நூலகத்துக்குள் கற்பூரம் கொளுத்தலாமா? கூடாது. கைவசம் நைவேத்தியம் இருக்கிறதா? இல்லை. மைதீன் அண்ணன் தன் சாப்பாட்டுப் பையிலிருந்து இரண்டு வாழைப்பழத்தை எடுத்து, "இது போதுமாக்கா?" என்று என்னிடம் நீட்டினார். போதும் என்றேன். உலகம்மாள் தீர்த்தம் சுற்றினாள். வழக்கப்படி புத்தகங்களை வடக்கே கொஞ்சம் நகர்த்தவேண்டும் அல்லவா? ஒரு பக்கம் மிஸ், ஒரு பக்கம் மைதீன் அண்ணன்... மேசையையே பிடித்து நகர்த்தினார்கள். மிஸ் பூவை எடுத்தார். கணக்குப் புத்தகத்தை உலகம்மாள் கையில் கொடுத்து, பதிவேட்டில் அவள் பெயரை முதல் பெயராக எழுதினார். அந்த வாரம் முடிவதற்குள் முப்பத்தேழு புத்தகம் வெளியே போயிற்று. அட்டை ஒரு வருடத்துக்கு நீண்டது.

தேறினாளா என்றுதானே கேட்கப்போகிறீர்கள்? கணக்கில் நாற்பத்தாறு. இன்றைக்கு அவள் இதே கல்லூரியில் செவிலியர் உதவியாளர் படிப்பில் இருக்கிறாள். மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருப்பது யார் என்று நினைக்கிறீர்கள்?

தாய்மார்களே, இதை எதற்குச் சொன்னேன்? அந்தப் பத்து நாளில் ஒருவரை ஒருவர் யாராவது அவமதித்தோமா? இல்லை. அவர்கள் நம்மை மதித்தார்கள். நாம் புத்தகத்தை மதித்தோம். அந்த மதிப்பே குறுக்கே நின்றுவிட்டது, ஒரு கேள்வி கேட்க ஆள் இல்லாததால். உலகம்மாள் கேட்டாள். சரஸ்வதிக்கு நாம் செய்கிற பெரிய பூஜை, அவள் கொடுத்ததைப் பிரித்துப் படிப்பதுதான். நம் கையில் பக்கம் மடங்கி, ஓரம் நைந்துபோகிற புத்தகத்தைப் பார்த்தால் அவள் கோபிக்கமாட்டாள். இந்த ஊர்ப் பெண்கள் ஒரு வருடத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு தடவை புத்தகம் எடுத்திருக்கிறோம். பதிவேட்டைப் பார்த்து நானே எண்ணினேன். எனக்கு அதில் பெருமைதான், மறைக்கமாட்டேன்.

மேடையில் இருக்கிற முதல்வர் ஐயா அவர்களே, நாங்களும் கேட்டுவிடுகிறோம். எங்கள் அட்டை இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதியோடு முடிகிறது. அதை நிரந்தரம் ஆக்குவீர்களா? ஆம் என்றாலும் இல்லை என்றாலும், வரும் வெள்ளிக்கிழமைக்குள் எங்களுக்குப் பதில் சொல்லிவிடுங்கள்.