துளசியின் திதி

"படு! படுங்கோ!"

படுக்கிறேன். வாய்க்குள் மண். ஷெல் கூவிக்கொண்டு வருகிறது. கூவல் கேட்டால் அது எங்களுக்கில்லை, தாண்டிவிடும் என்பார்கள். இது கேட்டது. தாண்டவில்லை. கஞ்சி வரிசையில் விழுந்தது. வரிசையில் மாமி நின்றார். மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு என் மகள் துளசி நின்றாள். ஒன்பது வயது.

பங்குனித் தேய்பிறை. சப்தமி. அப்படித்தான் இத்தனை வருடமும் சொல்லிவந்தேன்.

நான் விரதக்காரி. பதுங்குகுழிப் பங்கருக்குள் கலண்டர் இல்லை. விடியும்போது அன்றைய திதியை வாய்விட்டுச் சொல்வேன். முகம் கழுவத் தண்ணீர் இல்லாத இடத்தில் இது ஒன்றுதான் ஒழுங்காக நடந்தது. பிறகு அகதி முகாமில் ஒருவரிடம் பஞ்சாங்கம் இருந்தது. பார்த்தேன். என் கணக்கு ஒரு நாள் பிந்தி நின்றது. எங்கோ ஒரு நாளைத் தவறவிட்டிருக்கிறேன். துளசி போவதற்கு முன்னா, பின்னா? பின் என்றால் அவள் திதி சப்தமிதான். முன் என்றால் அட்டமி.

இப்போது லண்டன். மிஞ்சியது நானும் கணவரும். ஆண்டுதோறும் சப்தமியில் படைக்கிறேன். படைத்தபின் அதே கேள்வி. பிள்ளை மறுநாள் வந்து பார்த்தால்? வெறும் இலை. "ஒரு நாளில என்ன வந்தது?" என்பார் கணவர். அவருக்குக் கோயிலும் இல்லை, திதியும் இல்லை. அன்று முழுக்க நான் அவரோடு பேசுவதில்லை.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என்னோடு ஷிப்ட் செய்பவள் மனுவேலா. குவாத்தமாலா மலைநாட்டு மாயாப் பெண். ஒருநாள் அவளிடம் இதைக் கொட்டிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அவர்கள் கணக்கில் நாட்களுக்கு இருபது பெயர். பதின்மூன்று எண். இரண்டும் சேர்ந்து சுற்றும். இருநூற்று அறுபது நாளில் அதே எண்ணும் அதே பெயரும் மறுபடி கூடும். நாளை எண்ணவென்றே ஊரில் ஆள் உண்டு. ஒரு நாளும் தவறக்கூடாது. அவள் சிறுமியாக இருந்தபோது பட்டாளம் ஊரைக் கொளுத்தியது. சோளம் எரிந்தது. சனம் இரண்டாகச் சிதறி மலைக்காட்டில் ஒளிந்தது. மாதக்கணக்காக. திரும்பக் கூடியபோது ஒரு கூட்டத்தின் கணக்கில் ஒரு நாள் குறைந்தது. செத்தவர்களை எந்த நாளில் கூப்பிடுவது? எண்ணுபவர் எல்லாரையும் சுற்றி இருத்தினார். ஒவ்வொரு நாளாகச் சொல்லவைத்தார். அன்று என்ன தின்றோம், யார் அழுதார்கள். ஒருவர் மறந்தது இன்னொருவரிடம் இருந்தது. நாள் அகப்பட்டது.

நீயும் உன் கணவரும் அப்படிச் சொல்லிப் பார்த்தீர்களா என்று கேட்டாள். இல்லை. துளசியின் பெயரை எடுத்தாலே அவர் வாயை அடைத்தவள் நான்.

ஞாயிறு மத்தியானம். எங்கள் குசினி, அடுப்புக்குப் பக்கத்து மேசை. எனக்கும் கணவருக்கும் நடுவில் மனுவேலா இருக்கிறாள். தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் அசையவில்லை. நான் தொடங்குகிறேன். பஞ்சமி. கடற்கரைப் பக்கம் ஓடினோம். வழியில் தம்பி விழுந்தான். சஷ்டி. மழை. பங்கர் நிறைந்தது. சப்தமி. கஞ்சி.

"நில்லும்," என்றார் அவர். "மழைக்கு அடுத்த நாள் கஞ்சி இல்லை. அண்டைக்கு உமக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் காய்ஞ்சது. நினைவில்லாமல் கிடந்தனீர். விடிஞ்சதும் தெரியாது, பொழுதுபட்டதும் தெரியாது. பிள்ளைதான் போத்தில் மூடியில தண்ணி பருக்கினவள். அம்மாவுக்கு ஏலாது, நான் சொல்லுறன், இண்டைக்குச் சப்தமி எண்டு அவள்தான் சொன்னவள். கஞ்சிக்குப் போனது அதுக்கு அடுத்த நாள்."

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" கத்தினேன்.

"நீர் என்னைக் கதைக்க விட்டாத்தானே."

மேசையில் தலையை வைத்து அழுதேன். அவரும் அழுதார். அத்தனை வருடத்தில் சேர்ந்து அழுதது அன்றுதான். இந்த ஆண்டு அட்டமியில் படைத்தோம்.

இழந்தவை: ஒரு வீடு. ஒரு கிணறு. இரண்டு மாடு. இழந்தவர்கள்: மூவர். தம்பி. மாமி. மகள் துளசி, நான் எண்ணியதைவிட ஒரு நாள் கூட இருந்தவள்.