எதெல்லாம் சேர்ந்து உடைத்தது என்று கேட்டவருக்கு

மருத்துவமனைப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தோராண்டு பணியாற்றி, இன்று மாலை ஐந்து மணிக்கு ஓய்வு பெறும் கண்காணிப்புப் பொறியாளர் அம்மையாருக்கு, அப்பிரிவின் ஊழியர்கள் அன்புடன் வாசித்தளிக்கும் மடல்

பழுதென்று வந்தால் பதறாத பண்பாளரே! பம்பே நின்றாலும் சிந்தை நில்லாத சீர்மையே! ஒழுகும் குழாயடியில் ஒரு கையில் விளக்கும் மறு கையில் வினாவும் ஏந்தி நின்ற ஒப்பற்றவரே! கேள்வியையே கருவியாகவும், கேட்பதையே கடமையாகவும் கொண்ட எங்கள் பொறியாளர் அம்மையீர்! வணக்கம்.

இன்னும் ஒன்பது அடைமொழிகள் எழுதி வைத்திருந்தோம். பிளம்பர் அண்ணன் முன்கூட்டியே படித்துப் பார்த்துவிட்டு, "போதும்ப்பா, மேடம் பாதியிலயே சிரிச்சிடுவாங்க" என்றார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வெட்டிவிட்டோம். வெட்டியவன், இம்மடலை எழுதி வாசிக்கும் புகார்ப் பதிவு எழுத்தன். நர்சுகள் தொலைபேசியில் திட்டுவதை நாகரிகத் தமிழில் பதிவேட்டில் ஏற்றுவதே பதினெட்டு ஆண்டுகளாக என் தொழில் என்பதால், எல்லார் மனத்திலும் இருப்பதை எழுதும் பொறுப்பும் என் தலையிலேயே விழுந்தது.

அம்மையீர்! இந்த மருத்துவமனையின் ஏழு லிஃப்டுகளையும், இரண்டு கொதிகலன்களையும், எண்ணிலடங்காக் குழாய்களையும் தாங்கள் காத்த கதை தங்கள் பணிப்பதிவேட்டில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றையே இங்கே பேச விரும்புகிறோம். தலைக்கு மேல் குழாய்கள் ஓடும் நம் அடித்தள அறைக்கு, காலை பத்தரை மணித் தேநீர் நேரத்தில், வாரத்துக்கு ஒரு தத்துவஞானியைத் தாங்கள் அழைத்து வந்தீர்கள். அவர்கள் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். ஊரையே கேள்வி கேட்டு, அதற்காக நஞ்சு குடித்துச் செத்த கிழவர் 'கேள்விக்காரர்' ஆனார். எல்லாவற்றையும் சந்தேகித்து, கடைசியில் சந்தேகப்படும் தான் ஒருவன் மட்டுமே மிச்சம் என்று கண்டவர் 'சந்தேகக்காரர்'. பட்டாம்பூச்சியாகக் கனவு கண்டு விழித்து, இப்போது பட்டாம்பூச்சிதான் மனிதனாகக் கனவு காண்கிறதோ என்று குழம்பியவர் 'பூச்சிக்காரர்'. ஒரே நதியில் இருமுறை இறங்க முடியாது என்றவர் 'நதிக்காரர்'. "நம்ம தண்ணித் தொட்டியப் பாத்திருந்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு, ஒரே தண்ணி ஒரு வாரமா கெடக்கு" என்று பிளம்பர் அண்ணன் அவரை மடக்கியபோது, தாங்கள் தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தீர்கள்.

ஒருநாள் எலக்ட்ரீஷியன் அக்கா, "மேடம், கிழக்குக்கும் மேற்குக்கும் அப்படி என்னதான் வித்தியாசம்? ஒரு வரியில சொல்லுங்க" என்று கேட்டார். தாங்கள் வரியாகச் சொல்லவில்லை; பழுதுப் பதிவேட்டைத் திறந்து நடுவே ஒரு கோடு போட்டீர்கள். இடப்பக்கம் 'மேற்கு' என்று எழுதி அதன் கீழ், எது உடைந்தது? வலப்பக்கம் 'கிழக்கு' என்று எழுதி அதன் கீழ், எதெல்லாம் சேர்ந்து உடைத்தது? மேற்கே ஒன்றைத் தனியே எடுத்துப் பிரித்து, இதுதான் என்று சுட்டும் பழக்கம் வலுத்ததாகவும், கிழக்கே ஒன்றை அதைச் சுற்றி நிற்பவற்றோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் வலுத்ததாகவும் விளக்கினீர்கள். நாங்கள் தலையாட்டி முடிக்கும் முன்பே தாங்களே அதைக் கலைத்தும் விட்டீர்கள். "இத அப்படியே நம்பிடாதீங்க. தேரைத் துண்டு துண்டாக் கழட்டிப் போட்டு, இதுல தேர் எங்கன்னு கேட்டவங்க கிழக்குலயும் உண்டு. நம்ம நதிக்காரர் மேற்குதான், பேச்செல்லாம் கிழக்கு மாதிரி இருக்கும். கோடு நம்ம வசதிக்குப் போட்டது" என்றீர்கள்.

வசதிக்குப் போட்ட அந்தக் கோடு எங்களை எங்கெல்லாம் இழுத்துப் போனது! சலவைக் கூடத்தின் காற்றுப்போக்கி விசிறி ஒரே ஆண்டில் மூன்று முறை எரிந்தது. மூன்று முறையும் இடப்பக்கத்தில் 'பேரிங் தேய்வு' என்று எழுதினோம், மாற்றினோம், எரிந்தது. தாங்கள் அரை நாள் அந்தக் கூடத்தில் நாற்காலி போட்டு அமர்ந்தீர்கள். வெளியே காத்திருக்கும் ஆம்புலன்ஸ்களின் புகை தாங்காமல் சலவைக்காரப் பெண்கள் சன்னலை அடைக்கிறார்கள், சன்னல் அடைத்ததால் நீராவியும் பஞ்சும் அந்த ஒரே வழியில் போய் அப்புகின்றன என்று கண்டீர்கள். ஆம்புலன்ஸ்கள் இருபது அடி தள்ளி நிறுத்தப்பட்டன. காற்றுப்போக்கி ஆறு ஆண்டுகளாக ஓடுகிறது. ஆம்புலன்ஸை நகர்த்திக் காற்றுப்போக்கியைப் பழுது பார்த்தவர் உலகில் வேறு எவரும் இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை.

உண்மையைச் சொல்வதென்றால், வலப்பக்கம் எப்போதும் வென்றதில்லை. மேல்மாடிப் பம்பின் கடகடச் சத்தத்துக்குத் தாங்கள் பதினாறு காரணங்கள் எழுதினீர்கள். கட்டடத்தின் சாய்வு வரை போனீர்கள். பிளம்பர் அண்ணன் மூடியைக் கழற்றி, உள்ளே யாரோ மறந்து விட்டிருந்த ஸ்பேனரை எடுத்து மேசையில் வைத்தார். "இன்னைக்கு மேற்கு ஜெயிச்சிடுச்சு" என்று சொல்லி அந்தப் பதினாறையும் தாங்களே அடித்தீர்கள். பெரிய பதவியில் இருப்பவர்கள் தம் எழுத்தைத் தாமே அடித்து நாங்கள் பார்த்ததில்லை, அம்மையீர்!

தங்களுக்கு மிகப் பிடித்த ஞானி யார் என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை. ஆளுக்கொரு கட்சி கட்டிச் சண்டை போட்டிருக்கிறோம். "யாருன்னு சொல்லிட்டா நீங்க மத்தவங்ககிட்ட கேக்குறத நிறுத்திடுவீங்க" என்று நழுவினீர்கள். இன்று வாசலில் தங்கள் கணவரை மடக்கிக் கேட்டோம். "நானும் கல்யாணமான நாள்லேர்ந்து கேக்குறேன். வீட்டுல மிக்ஸி நின்னாக்கூட நடுவுல கோடு போட்டு ரெண்டு பக்கம் எழுதுறா. இதுக்கு மட்டும் பதில் வரல" என்றார்.

இனிச் சொல்லப்போவது பாராட்டு விழாவில் சொல்லும் பேச்சு அல்ல. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

சென்ற மாதம், அறுவைக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஒரு பெண்மணியோடு மூன்றாம் லிஃப்ட் இரண்டு தளங்களுக்கு நடுவே நின்றது. நாற்பது நிமிடங்கள். வெளியே நாங்கள் உதவுவதை விட்டுவிட்டு, யாரால் வந்தது என்று ஒருவரையொருவர் பிறாண்டிக்கொண்டிருந்தோம். ஓடி வந்த தாங்கள், "முதல்ல அம்ப எடுங்க! எய்தவன அப்புறம் தேடலாம்!" என்று கத்தினீர்கள். டாக்டர் திகைத்தார். நோயாளியின் மகன் இன்னும் திகைத்தார். எங்களுக்கு மட்டும் புரிந்தது. எய்தவன் யார், வில் என்ன மரம் என்று தெரியும்வரை அம்பைத் தொடவிட மாட்டேன் என்பவன் செத்துத்தான் போவான் என்று சொன்ன 'அம்புக்காரரை' நாங்கள் தேநீரோடு அறிந்திருந்தோமே! வாய்கள் மூடின, கைகள் வேலை செய்தன. லிஃப்ட் மெக்கானிக் மேலே ஏறிக் கைச்சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை இறக்கினார். அந்த அம்மாள் பிழைத்தார். வீடு திரும்பும் நாளில் அதே மூன்றாம் லிஃப்டில்தான் இறங்கிப் போனார்.

பிறகு விசாரணை வந்தது. கதவின் உருளை தேய்ந்து சிக்கியிருந்தது. முந்தைய வாரம் எல்லாம் சரி என்று அட்டையில் கையெழுத்திட்டவர் லிஃப்ட் மெக்கானிக். அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். விசாரணைப் படிவத்தில் 'காரணமானவர்' என்ற தலைப்பும் அதன் எதிரே ஒரே ஒரு வரியும் உண்டு. அந்த வரியில் அவர் ஏறினால் அவர் வேலை போகும். படிவத்தை இன்று ஐந்து மணிக்குள் தாங்கள் ஒப்படைக்க வேண்டும். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே எய்தவன் ஒருவனில்லை, வரி மட்டும் ஒன்றுதான் இருக்கிறது.

அம்மையீர், மன்னிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை பதிவேட்டை வைக்கத் தங்கள் மேசைக்கு வந்தபோது அந்தப் படிவத்தைப் பார்த்துவிட்டேன். அந்த ஒற்றை வரியில் பென்சிலால் 'கண்காணிப்புப் பொறியாளர்' என்று எழுதியிருந்தீர்கள். ஓய்வு பெறுபவரை யார் என்ன செய்துவிட முடியும் என்று நினைத்திருப்பீர்கள். முப்பத்தோராண்டுப் பதிவேட்டின் கடைசிப் பக்கம் அப்படி முடியப்போகிறது என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கீழே வந்து சொன்னேன். எலக்ட்ரீஷியன் அக்காவுக்கு வந்தது கோபம். "நமக்கெல்லாம் ரெண்டு பக்கம் சொல்லிக் குடுத்துட்டு, தனக்கு மட்டும் ஒரு பக்கமா? இது என்ன நியாயம்?"

எனவே வலப்பக்கத்தை நாங்களே நிரப்ப உட்கார்ந்தோம். அங்கேதான் ஒரு விசித்திரத்தைக் கண்டோம். பண்டகக் காப்பாளர், "எல்லாருந்தான் காரணம்னு எழுதிடலாம்" என்றார். எழுதினோம். எழுதியதும் எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது; அந்த நிம்மதிதான் சந்தேகத்தைக் கிளப்பியது. "எல்லாரும்னா யாரு? ஒவ்வொருத்தரா 'நான்'னு சொல்லுங்க" என்றார் பிளம்பர் அண்ணன். மூன்றாம் நாள்தான் நான் தொடங்கினேன். நேற்று லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டுக்கும் போனோம். அவர் தாளைப் படித்துவிட்டுச் சொன்னார்: "நான் ஒருத்தன்தான்னு எழுதினா பொய். நான் இல்லவே இல்லன்னு எழுதினாலும் பொய். எங்க கையெழுத்துப் போடணும்?"

எல்லாம் சேர்ந்தே நிகழ்கிறது என்பதைச் சொல்ல, ஒவ்வொருவரும் தனித்தனியே 'நான்' என்று எழுந்து நிற்க வேண்டியிருந்தது. இது கிழக்கா, மேற்கா? எங்களுக்கு விளங்கவில்லை. கேள்விக்காரரிடமும் அம்புக்காரரிடமும் கேட்டு ஆற அமரச் சொல்லுங்கள். அதற்காகவேனும் கண் மங்காமல், கால் ஓயாமல், நெஞ்சில் ஐயம் வற்றாமல், தங்கள் கணவரோடும் மக்களோடும் நூறாண்டு வாழ்க என வாழ்த்துகிறோம்!

கண்ணாடிச் சட்டம் எங்கே என்று சபையோர் கேட்கலாம். சட்டம் போடக் கொடுத்த கடையிலிருந்து இம்மடலைத் திரும்ப வாங்கி வந்து, மீதியை எழுதிச் சேர்த்துவிட்டோம். ஓரத்தில் இரண்டு துளைகள் போட்டிருக்கிறோம், விசாரணைக் கோப்பில் கோர்ப்பதற்கு. இப்போது மணி நாலேகால். பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, அந்த ஒற்றை வரியில் 'இணைப்பைக் காண்க' என்று எழுதுங்கள், அம்மையீர்.

இங்ஙனம்,

கதவு சிக்குகிறது என்று நர்சு மூன்று முறை அழைத்தும், வழக்கமான புலம்பல் என்றெண்ணி மூன்றாம் முறை மட்டுமே பதிவேட்டில் ஏற்றிய புகார்ப் பதிவு எழுத்தன்

புது உருளை கேட்டு வந்த சீட்டை, 'அவசரம்' என்று எழுதியிராததால் கட்டின் அடியில் வைத்த பண்டகக் காப்பாளர்

கதவு மூடிக்கொள்ளாதிருக்கச் செங்கல் வைத்துப் பழகிய வார்டு ஊழியர் இருவர்

லிஃப்ட் கதவடியில் சொட்டிய தண்ணீருக்குத் துணியைத் திணித்துவிட்டு மறந்துபோன பிளம்பர்

கிரீச்சென்ற சத்தத்தைக் கேட்டும், என் வேலையில்லை என்று படியேறிப் போன எலக்ட்ரீஷியன்

உருளை தேய்ந்ததை விரலால் தடவி அறிந்தும், இன்னும் ஒரு மாதம் ஓடும் என்று கையெழுத்திட்ட லிஃப்ட் மெக்கானிக்

ஒரே மெக்கானிக்கை மூன்று கட்டடங்களுக்கு அனுப்பிய கண்காணிப்புப் பொறியாளர் (இங்கே தாங்கள் கையெழுத்திடலாம். எங்களுக்கு விட்ட இடம்தான் தங்களுக்கும். அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட விடவில்லை.)