விளையாட்டின் தலையில்

— காலைக் கொஞ்சம் எடுக்கா. அது பிரேக்.

— எது?

— உன் காலுக்குக் கீழ இருக்கிறது. டிரைவிங் ஸ்கூல் வண்டிக்கா இது. ரெண்டு பக்கமும் பிரேக் இருக்கும்.

— நிக்கிற வண்டிக்கு எதுக்குடா பிரேக்கு? இவ்ளோ பெரிய போர்டைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு பையன் படிக்கிற ஸ்கூல் வாசல்லயே நிறுத்தியிருக்க. போற வர்றவங்க எல்லாம் பாக்குறாங்க.

— போர்டைப் படிக்கிறாங்க. நம்மள யாரு பாக்குறா?

— எல்லாருக்கும் தெரியும்டா. அந்தம்மாவைப் பாத்தியா? என்னைக் கண்டதும் பொண்ணு கையைப் புடிச்சு ரோட்டுக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கிட்டுப் போறா. சரி, இங்க பாரு. உள்ள போனதும் என்ன சொல்லுவ? சொல்லு.

— வர்ற வழியெல்லாம் அதைத்தானே ஒப்பிச்சேன்.

— மறுபடியும் சொல்லு. முழுசா, தெளிவா.

— நான் உன் நர்சரிப் புள்ள இல்லக்கா.

— சொல்லுடா.

— "சார், நான் பையனோட தாய்மாமன். அந்தத் துப்பாக்கி வீடியோ கேமை வாங்கிக் கொடுத்தது நான்தான். அதுலயே கெடந்து புள்ள கெட்டுப்போயிட்டான். தப்பு என்னோடது." போதுமா?

— ராத்திரி பகல்னு பாக்காம ஆடுவான்னு சேத்துக்கோ.

— எங்க ஆடினான்? நீதான் சனி ஞாயிறு மட்டும்னு பூட்டி வச்சிருந்தியே.

— சேத்துக்கோன்னா சேத்துக்கோ. ஹெட்மாஸ்டரே போன்ல கேட்டாருடா, "வீட்ல சண்டை விளையாட்டு ஏதாவது ஆடுவானாம்மா"ன்னு. அவரே வழியைத் தொறந்து விடுறாரு. விளையாட்டுன்னா கொஞ்ச நாள் வீட்ல வச்சிருக்கச் சொல்லுவாங்க, யாராவது மனோதத்துவ டாக்டர்கிட்ட அனுப்புவாங்க, திரும்பச் சேத்துப்பாங்க. இல்லேன்னா ஒரேயடியா நிறுத்திடுவாங்க. இன்னொரு புள்ள மூஞ்சியைக் கிழிச்சவனை வேற எந்த ஸ்கூல்ல எடுப்பாங்க?

— மாமா என்ன சொல்றாரு?

— அவரு என்னத்தைச் சொல்லுவாரு. உள்ள பெஞ்சுல பையன் தோள்ல கையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. வாயைத் தொறந்தாத்தானே.

— அக்கா, பழியை ஏத்துக்கிறதுல எனக்கு ஒண்ணும் கொறஞ்சிடாது. ஆனா...

— ஆனா என்ன?

— அவன் அதுல யாரையும் சுட்டதே இல்லக்கா.

— துப்பாக்கி விளையாட்டுல சுடாம பூவா பறிச்சுக்கிட்டு இருந்தான்?

— சத்தியமா. நான் என் வீட்லேருந்து, அவன் உன் வீட்லேருந்து, ஒரே அணியிலதானே ஆடுவோம். அவன் எப்பவும் டாக்டர். மருந்துப் பையைத் தூக்கிக்கிட்டு பின்னாடியே ஓடி வருவான். நான் குண்டடி பட்டு விழுந்தா, "மாமா, அசையாதீங்க, வந்துட்டேன்"னு கத்திக்கிட்டே வந்து ஊசி போட்டு எழுப்புவான். அடிபட்ட பையனும் எங்க அணிதான். அவனையும் இவன்தான் எழுப்புவான்.

— இதையெல்லாம் உள்ள போய்ச் சொல்லித் தொலைக்காத.

— விளையாட்டு ரொம்ப யோக்கியம்னு நான் சொல்லவே இல்ல. மண்டையைப் பாத்துச் சுட்டா கூடுதல் பாயிண்ட். சின்னப் பசங்களுக்கு அது நல்லதா? எனக்கே தெரியல. நேத்து பூரா அதே நெனப்புதான். நான்தான் வெஷத்தை வாங்கிக் கையில கொடுத்துட்டேனோன்னு. மனசு கேக்காம ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

— எதுக்கு?

— அந்தப் பையனைப் பாக்க.

— யாரைக் கேட்டுப் போன?

— நீ போவேன்னு பாத்தேன். போகல.

— எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது?

— நான் மட்டும் என்ன, புது மூஞ்சி வாங்கிக்கிட்டா போனேன்? அவங்கம்மா ஒரு வார்த்தை திட்டல. ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்கன்னாங்க. திட்டியிருந்தாத் தேவலாம்னு இருந்துச்சு.

— கண்ணு?

— தப்பிச்சுது. புருவத்துக்கு மேல தையல். அக்கா, இவன் எதுக்கு அடிச்சான்னு உனக்குத் தெரியுமா?

— ஏதோ சண்டைன்னாங்க.

— சண்டையே இல்ல. ரெண்டு பேரும் சேந்து வரைஞ்ச சார்ட். அந்தப் பையன் கை பட்டு, தண்ணி பாட்டில் அது மேல சாஞ்சிடுச்சு. அவ்ளோதான். இடுப்பு பெல்ட்டைக் கழட்டி, கையில ஒரு சுத்து சுத்திக்கிட்டு அடிச்சிருக்கான். பக்கிள் நழுவி மூஞ்சியில பட்டிருக்கு. அடிக்கும்போது "எத்தனை தடவை சொல்றது, எத்தனை தடவை சொல்றது"ன்னு ஒவ்வொரு அடிக்கும் கேட்டானாம். அந்தப் பையன் என்கிட்ட சொல்றான், "அங்கிள், அவன் என்கிட்ட ஒரு தடவைகூட ஒண்ணும் சொல்லலியே"ன்னு.

— போதும்டா.

— அந்த விளையாட்டுல துப்பாக்கி இருக்கு, கத்தி இருக்கு, வெடிகுண்டு இருக்கு. பெல்ட் இல்லக்கா.

— போதும்னு சொல்றேன்ல.

— கையில எப்படிச் சுத்திக்கணும்னுகூட அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்க பாத்தான்? ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிற? என்னைப் பாரு. மாமாவா?

— ...

— அவருதானா? ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க! பையன் தோள்ல போட்டிருக்காருன்னியே, அந்தக் கையா? இதை மூடி மறைக்கத்தான் என்னைக் கூட்டிக்கிட்டு வந்தியா?

— மேடம், ஹெட்மாஸ்டர் கூப்பிடுறாரு.

— இதோ, ஒரு நிமிஷம் வாட்ச்மேன். டேய், கதவைச் சாத்து.

— விடுக்கா. உள்ள நாலு பேரு முன்னாடி அவரைக் கேக்குறேன்.

— சாத்துடா. உன் காலைப் புடிச்சுக்கிறேன்.

— நீ நாள் பூரா ஊரு புள்ளைங்க மூக்கைத் தொடைச்சு, ஒரு அதட்டல்கூடப் போடாம வேலை பாத்துட்டு வர்ற. இங்க வீட்ல உன் புள்ள தோலை ஒருத்தர் உரிச்சுக்கிட்டு இருக்காரு. இன்னும் எதுக்கு அவரைக் காப்பாத்துற?

— அவரைச் சொல்லாதடா. முதல்ல விளையாட்டு மேல போட்டேன். இப்ப நீ அவரைச் சொல்றே, நான் வாயை மூடிக் கேட்டுக்கிட்டு இருக்கேன். சீ.

— என்னக்கா சொல்ற?

— அவரு அந்த பெல்ட்டை ஒளிச்சு ஒளிச்சுத்தான்டா வைப்பாரு. அலமாரி மேல, மெத்தைக்கு அடியில. ஒவ்வொரு தடவையும் தேடி எடுத்தது நான்.