மீண்டும் வளர்ந்த டொன்சில்

ஹலோ… ஆமா, அலுவிகாரை சபாரத்தினம்தான்… ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆமா, ஆமா… டொக்டர் கிருஷாந்தினியா? சொல்லுங்க… திங்கட்கிழமை வாட்டுக்கு வரச் சொன்னீங்க, வரல… மறந்துட்டீங்களான்னு கேட்காதீங்க, மறுத்துட்டீங்களான்னு கேளுங்க. வினைச்சொல் முக்கியம்.

பின்னே? இல்லாத உறுப்பை எடுக்க ஒருத்தன் எதுக்கு வரணும்? "வலது டொன்சில் வீக்கம்"னு எழுதியிருக்கீங்க. எனக்கு டொன்சிலே இல்ல, அம்மா. ரெண்டையும் சின்ன வயசுல, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டுல, எல்கடுவப் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில எடுத்தாச்சு… ஆமா, கில்லட்டின்தான். பாக்குவெட்டி மாதிரி. ஒரு வளையம், அதுல ஓடுற ஒரு கத்தி. பதினொரு பிள்ளைகள் நீளமான மர வாங்குல வரிசையா உட்கார்ந்திருந்தோம். விரிப்பால சுத்தி, வாயைத் திறந்து, சதையை வளையத்துக்குள்ள தள்ளி… டக்! பக்கத்துக்குப் பத்து செக்கன். உங்களுக்குப் படிவம் நிரப்பவே அரை மணித்தியாலம்.

…என்னது? வளையத்துக்குள்ள வந்ததைத்தான் வெட்டும், அடியில மிஞ்சினது திரும்ப வளருமா? பலே! அப்ப அறுபது வருஷமா வகுப்பு வகுப்பா நான் அடிச்சுக்கிட்ட பெருமையெல்லாம் புல்லு வெட்டின கதையா?

சரி, சரி… அந்தக் கருவி இப்ப நூதனசாலையில இருக்கும்… இல்லியா? சில இடங்கள்ல இன்னும் சின்னப் பிள்ளைகளுக்குப் பாவிக்கிறாங்களா? கெதியா முடியுதா? அப்படிச் சொல்லுங்க! எனக்கும் அதையே பிடிங்க… பெரியவங்களுக்குச் சரிவராதா? அடியோட உரிச்செடுக்கணுமா? முக்கால் மணித்தியாலம். ஓஹோ! பத்து செக்கன் முக்கால் மணித்தியாலமானதுதான் முன்னேற்றம்!

…ஒரு பக்கம் மட்டும் வளர்ந்ததால, முழுசா எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும்… ம்… கென்சருக்கா?… இல்ல, அந்தச் சொல்லை நீங்க சொல்லல. நான்தான் சொன்னேன்… அதுவா இருக்கணும்னு இல்ல. பார்க்காம எதுவும் சொல்ல ஏலாது. விளங்குது.

…பயமா? எனக்கா? அன்னைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்… சரி, உள்ளதைச் சொல்றேன். வாங்குல எட்டாவது ஆள் நான். ஏழாவது பிள்ளை கத்தினதும் எழும்பி ஓடிட்டேன். தேயிலைக்குள்ள வெச்சு ரெண்டு பேர் பிடிச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. இதை எந்த வகுப்புலயும் சொல்லல… சிரிக்காதீங்க.

நாளைக்குக் காலையில ஏழு மணி. வாறேன்… துணைக்கு ஆளா?… மனுசிக்குச் சொல்லல. தடிமல்னு சொல்லி வெச்சிருக்கேன். ஒரு மாசமா கொத்தமல்லி அவிச்சுத் தந்துகிட்டு இருக்கா… சொல்லத்தான் வேணும், சரி… நாலு தரம் வாயெடுத்தேன், டொக்டர். ஏலல. இருங்க, வெச்சிறாதீங்க…

தவமணி! அடுப்பை அணைச்சிட்டு இங்க வா… ஆஸ்பத்திரியில இருந்து… இல்ல, எனக்கில்ல. உன்னோடதான் பேசணுமாம். இந்தா, பிடி.