கீழ்க்கட்டைக் குரல்

காது மெஷினைத் தண்ணீரில் கழுவக் கூடாது. என் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்வேன். கழுவிக் கெடுத்துக்கொண்டு வந்து, நீங்கள் சொன்னது காதில் விழவில்லையே என்பார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வரும். கோபக்காரன் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை, ஐயா. என் மகள்கூட உங்களிடம் கொடுத்த புகாரில் அப்படி எழுதியிருக்கமாட்டாள்.

எனக்குள்ளே ஒரு இருட்டு உண்டு. நாலு பேர் சிரித்துப் பேசுகிற இடத்தில் உட்கார்ந்தால் அது இன்னும் கனக்கும். கல்யாணமானால் சரியாகிவிடும் என்றார்கள். வாய்த்தவளோ, வாசலில் நின்றால் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திவைத்துப் பேசுகிறவள். அந்தப் பேச்சில் எனக்குப் பங்கில்லை.

ஒரு காய்ச்சலில் அவள் காது மங்கிப்போனது. மெஷின் வரச் சில மாதம் பிடித்தது. அதுவரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொடு என்றால்கூட உற்றுக் கவனிப்பாள். நான் சந்தோஷமாக இருந்தது அந்த மாதங்களில்தான். மெஷினை நானே அவள் காதில் மாட்டினேன். மறுநாளே வாசலுக்குப் போய்விட்டாள்.

துடைத்துத் தருகிறேன் என்று மெஷினை வாங்கிப்போய்க் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டுவேன். பெண்கள், குழந்தைகள் குரல் மேல்கட்டை. என்னுடையது கீழ்க்கட்டை. மெஷினில் மேல்கட்டைச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வந்தேன். அவசரப்படவில்லை. அவளுக்கு வலி ஒன்றும் கிடையாது.

“ஏண்டி முணுமுணுக்கறே? வாயைத் திறந்து பேசேன்” என்று மகளிடம் எரிந்து விழுந்தாள். மகள் உரக்கப் பேசினால், “செவிடின்னுதானே கத்தறே?” என்று அழுதாள். மகள் வருவது குறைந்தது. அண்டை அசலாரும் ஒதுங்கிக்கொண்டார்கள்.

ஒருநாள் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பேரன் பின்னால் நின்று பாட்டி, பாட்டி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் சலித்துப்போய் ஓடிவிட்டான். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“குழந்தை என்கிட்ட பேசவே மாட்டேங்குதே, ஏங்க?” என்று பிறகு கேட்டாள்.

“அதுக்கு உன்னைப் பிடிக்கலை போலிருக்கு.”

“மெஷின் ஏதாவது...”

“மெஷின் நல்லாத்தான் இருக்கு. நான் பேசறது கேக்குதில்ல?”

கேக்குது என்று என் தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். மகள் மெஷினை வேறு கடைக்கு எடுத்துப் போயிருக்கிறாள். அங்கே நான் இறக்கியதையெல்லாம் ஏற்றிவிட்டார்கள். இப்போது பேரன் அடுத்த அறையில் முனகினாலும் எழுந்து ஓடுகிறாளாம்.

ஆனால் அந்தக் கடைக்காரனுக்கு வேலை தெரியவில்லை, ஐயா. சற்றுமுன் ஸ்டேஷனுக்குள்ளே வரும்போது, வெளி பெஞ்சில் பேரனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். எதிரே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டேன். அவள் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. கீழ்க்கட்டையை அடியோடு விட்டுவிட்டிருக்கிறான். அந்த மெஷினை ஒரே ஒரு தடவை என்னிடம் வாங்கிக் கொடுங்கள், சரிசெய்து தந்துவிடுகிறேன்.