பன்னிரண்டாவது பெருவிரல்

கேளுங்க மக்களே. இஸ்ரவேலுக்கு ராஜா என்று ஒருத்தர் ஏற்படுகிறதுக்கு ரொம்ப முந்தி, எப்பிராயீம் மலையிலே கெபாரோன் என்று ஒரு ஊர் இருந்ததாம். ஊர் என்றால் என்ன, பத்து வீடு, பத்து ஆட்டுப்பட்டி. ஆறு கிடையாது, ஊற்று கிடையாது. பாறையைக் குடைந்து ஒரு துரவு வெட்டி, மழைத்தண்ணியைப் பிடித்து வருஷம் முழுக்கக் குடிக்கிற ஊர். துரவின் வாய் ஓர் ஆள் நுழைகிற அளவு. உள்ளே பானை வயிறு மாதிரி அகலம். கயிற்றில்தான் இறங்கணும், கயிற்றில்தான் ஏறணும்.

அந்த ஊரிலே யாரைக் கண்டாலும் முதல் கேள்வி, "நீ யார் பிள்ளை, எந்தக் கோத்திரம்?" பால் பல் விழாத பிள்ளைகூட பதினோரு தலைமுறையை ஒரே மூச்சில் ஒப்பிக்குமாம். ஒப்பிக்கத் தெரியாதவள் ஒருத்திதான். அவள் பேர் அத்தாராள். கீழே பள்ளத்தாக்கில், கானானியர் ஊரில், பானை வனைகிற வீட்டில் பிறந்து மலைக்கு வாழ்க்கைப்பட்டவள். சக்கரத்தில் தேய்ந்து தேய்ந்து அவள் பெருவிரல் நகம் நடுவிலே பிளந்திருக்கும்.

மாமியார் மில்காளுக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

"பன்னி தின்ன வாய்!"

"எங்க வீட்டுலேயும் ஆடுதான் அத்தை."

"ஆடு தின்னா ஆச்சா? கோத்திரம் எங்கே?"

மருமகள் செய்த சாடியில் ஒரு வாய் தண்ணி குடிக்கமாட்டாள். மகன் யாபேரிடம் சொல்லியே விட்டாள்: "ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிற நாளுக்குள்ளே இவளைக் கீழே கொண்டு விட்டுடு." மகன் வாயில்லாப்பூச்சி. ஆட்டை ஓட்டிக்கொண்டு மேய்ச்சலுக்குப் போய்விட்டான். அத்தாராள் அடுப்படியில் உட்கார்ந்து ஆண்டவரைத்தான் கேட்டாளாம்: "பிறந்த வாசல் அடைஞ்சு போச்சு, வந்த வாசல் திறக்கலை. நான் எங்கே நிற்பேன்?"

அந்த வருஷம் துரவு கீறல் விட்டது. பெய்த மழையைப் பாறையே குடித்துவிட்டது. சுண்ணாம்பு குழைத்துப் பூசத் தெரிந்தவள் ஊரிலே அத்தாராள் ஒருத்திதான். அடுத்த மழைக்கு முன்னே பூசிவிட இறங்கினாள். "உள்ளே போய் என்னத்தைத் தடவுறாளோ, நான் பார்க்கணும்" என்று மில்காளும் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினாளாம்.

பாதிச் சுவர் ஆகியிருக்கும். மேலே ஒரே ஓட்டம், ஒரே கூச்சல். யாபேர் குனிந்து கத்தினான்: "பள்ளத்தாக்குப் படை வருது! தூக்க நேரமில்லை! மூச்சு காட்டாதீங்க!" கயிறு மேலே போச்சு. மூடுகல் வந்து விழுந்தது. கல்லின்மேல் மண்ணையும் முள்ளையும் இழுத்துப் போட்டுவிட்டு ஊர்ச்சனம் குகைகளுக்கு ஓடிப்போச்சு. கல்லின் நடுவே, மண் மூடாமல், விரல் கனத்துக்கு ஒரு ஓட்டை. அதிலே ஒரு நூல் வெளிச்சம். அந்த ரெண்டு பேருக்கும் அவ்வளவுதான் உலகம்.

குடிக்க ஒரே ஒரு சாடி தண்ணி. அத்தாராள் செய்த சாடி. முதல் நாள் மில்காள் அதைத் தொடவில்லை. வெளிச்ச நூல் சுவரிலே ஏறி இறங்கி அணைந்தது. தொடவில்லை.

மறுநாள், வெறும் பாறை என்று நினைத்து முள்ளைக் காலால் ஒதுக்கிவிட்டு, கல்லின்மேலேயே ஒருத்தன் உட்கார்ந்தானாம். நூல் அறுந்து, உள்ளே மையிருட்டு. அவன் மலையைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டான். பள்ளத்தாக்குப் பேச்சு. மில்காளுக்குப் புரியவில்லை. மருமகள் கையைப் பிடித்தாள்.

"என்னடி சொல்றான்?"

"நம்ம பெண்பிள்ளைகள் யாராவது இங்கே இருந்தா குரல் கொடுங்க, வீட்டுக்குக் கூட்டிப்போறோம்னு சொல்றான், அத்தை."

கிழவி பிடித்த கையை விட்டாள். பிறகு, "அப்போ கத்தேன்" என்றாள்.

"நான் கத்தினா உங்களை என்ன செய்வாங்க?"

"அடிமையா இழுத்துட்டுப் போவான். கிழடு, வழியிலேயே விழுவேன். உனக்கென்ன?"

அத்தாராளுக்கு அம்மா வீட்டுச் சூளைப்புகை மூக்கிலே ஏறினதாம். ஒரு சொல் போதும். அத்தை என்கிற சொல்லைவிடச் சின்னச் சொல். வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் தன் முக்காட்டை அள்ளித் திணித்துக்கொண்டாளாம்.

மேலே இருந்தவன் எழுந்து போனான். நூல் திரும்ப வந்தது.

"அந்தச் சாடியை இங்கே தள்ளு" என்றாள் மில்காள்.

மூன்றாம் நாள் சாடி காய்ந்தது. மேலே சத்தமே இல்லை. மூடினவர்களே செத்துப்போனார்களோ என்னவோ என்று மில்காளுக்குத் தோன்றிவிட்டது. காற்றோட்டம் இல்லாத இடம், பூசின சுண்ணாம்பு இன்னும் ஈரம். கிழவி தடவித் தடவிப் போய்ச் சுவரிலே பெருவிரலை அழுத்தினாள். "நாகோத்." தள்ளி இன்னொரு குழி. "நாகோத் பெத்த ஏதேர்." இன்னொன்று. "ஏதேர் பெத்த சுவால்." இப்படியே பதினொன்று. பதினோராவது, "என் பிள்ளை யாபேர்."

"எதுக்கு அத்தை?"

"எலும்பைக் கண்டெடுக்கிறவன், இவங்க எந்தக் கோத்திரம்னு கேப்பான்ல? உன் விரலைக் கொடு."

"என் விரல் எதுக்கு?"

"கொடுடி." பிடித்து அழுத்தினாள். "யாபேர் பெண்சாதி, என் மருமகள் அத்தாராள்."

இருட்டிலே அத்தாராள் அழுதாள். அழுதுகொண்டே கேட்டாள்: "உங்க பேர் எங்கே அத்தை?"

கிழவி சிரித்தாளாம். "பைத்தியமே, அந்தப் பதினொன்னும் என் பெருவிரல்தானே!"

அந்தச் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுத்தான், படை ஊரையே புரட்டிப் போட்டதிலே எந்தக் கல் எந்த முள் என்று தெரியாமல் தேடிக்கொண்டிருந்த யாபேர் ஓடி வந்து மூடுகல்லைப் புரட்டினான் என்று சொல்லுவாங்க. தூக்கினபோது மில்காள், "முதல்லே அவளைத் தூக்கு" என்றாளாம். ஆட்டு மயிர் கத்தரிக்கிற நாள் வந்தது, போனது. யாரும் கீழே போகவில்லை.

அதற்கப்புறம் கெபாரோனுக்கு வாழ்க்கைப்பட்ட எந்தப் பெண்ணையும் கோத்திரம் கேட்கவில்லையாம். சுடாத ஈரச் சாடியின் கழுத்தை நீட்டுவாங்க. பெருவிரலை அழுத்தணும். சுட்டெடுத்த பிறகு அந்தச் சாடியிலே மாமியார் முதல் வாய் குடிக்கணும். அவ்வளவுதான்.

ஊர் அழிஞ்சு மண் மூடிப்போச்சு. ஆயிரம் ஆயிரம் வருஷம் கழித்து, மண்ணைக் கிளறிப் பழசைத் தேடுகிற படிச்சவங்க வந்தாங்களாம். துரவைக் கண்டாங்க, தூரிகையாலே தட்டித் துடைச்சாங்க. ஒருத்தர் சொன்னார், "பூச்சு பள்ளத்தாக்குப் பூச்சு, இவங்க கானானியர்." இன்னொருத்தர் சொன்னார், "குப்பையிலே ஒரு பன்றி எலும்புகூட இல்லை, இவங்க பன்றி தின்னாத இஸ்ரவேலர்." இன்னும் பேசி முடியலையாம்.

சுவரிலே பன்னிரண்டு குழி அப்படியே இருக்கு. கடைசிக் குழியிலே மட்டும் நடுவே ஒரு கீறல், பிளந்த நகத்தின் கீறல். அந்த இடத்துக்கு மருமகள் துரவு என்று பேர். தேவன் ஒரு கதவை அடைக்கிறதும், உள்ளே இருக்கிறவங்களை ஒண்ணாக்கத்தானோ என்னவோ.